மூடியிலிருந்து திரைக்கு: எல் அனாட்சுய் படைப்புகளில் பொருள், பிணைப்பு, நிலையா வடிவம்

ஆய்வுச்சுருக்கம்

சமகாலக் காட்சிக்கலையில் புதுமை என்பது பெரும்பாலும் வழக்கத்தில் இல்லாத மூலப்பொருளைக் கொண்டே அடையாளம் காணப்படுகிறது. கானாவில் பிறந்து நைஜீரியாவில் நெடுங்காலம் பணியாற்றிய சிற்பி எல் அனாட்சுய், மதுப்புட்டிகளின் மூடிகளைச் செம்புக் கம்பியால் பிணைத்து உருவாக்கிய படைப்புகளும் ‘கழிவிலிருந்து கலை’ என்றே பரவலாக அறிமுகப்படுத்தப்படுகின்றன. இவ்வறிமுகம் அப்படைப்புகளின் புதுமையை விளக்கப் போதுமானதன்று என இக்கட்டுரை வாதிடுகிறது. பொருளின் வரலாறு, பிணைக்கும் முறை, முடிவு செய்யப்படாமல் விடப்படும் வடிவம் ஆகிய மூன்று நிலைகளில் அப்படைப்புகளை நோக்கும்போதே அவற்றின் புதுமை விளங்கும். அம்மூன்றும் பிற சமகாலக் கலைப்படைப்புகளை அணுகுவதற்கும் பயன்படும் வினாக்களாக அமைகின்றன.

திறவுச்சொற்கள்: சமகாலக் காட்சிக்கலை, எல் அனாட்சுய், கண்டெடுத்த பொருள், கென்டே துணி, நிலையா வடிவம், அருங்காட்சியகப் பகுப்பு

முன்னுரை

எல் அனாட்சுயின் படைப்பு ஒன்றைத் தொலைவிலிருந்து காண்போர்க்கு அது பொன்னும் செம்மையும் கலந்த பெருந்துணியாகத் தோன்றும். சுவரில் மடிப்பு மடிப்பாகத் தொங்கும் அத்துணி அரசவைக்கு உரியதோ என எண்ணத் தோன்றும். அருகே செல்லச் செல்ல இழைகள் மறைந்து சிறு சிறு தகடுகள் புலப்படும். இன்னும் நெருங்கினால் அத்தகடுகளின் மேல் மது வகைகளின் பெயர்கள் அச்சிடப்பட்டிருப்பதைப் படிக்கலாம். துணி எனக் கண்டது உண்மையில் ஆயிரக்கணக்கான புட்டி மூடிகளின் தொகுதி என்பது அப்போது விளங்கும்.

இத்தகைய படைப்பைக் கண்டவர் முதலில் வியப்பது அதன் மூலப்பொருளையே. குப்பையில் சேர வேண்டியது கூடத்திற்கு வந்துவிட்டது என்னும் வியப்பு அது. செய்தி இதழ்களும் காட்சிக் குறிப்புகளும் இவ்வியப்பையே மையமாக்கி எழுதுகின்றன. ஆயினும் ஆய்வு நோக்கில் இங்கு ஒரு வினா எழுகிறது. மூலப்பொருள் விந்தையானது என்பதனாலேயே ஒரு படைப்பு புதுமையானது ஆகிவிடுமா? ஆகாதெனில், அதன் புதுமை எங்கே உள்ளது? இவ்வினாவிற்கு விடை காண முயல்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும். அதற்கு முதற்கண், கண்டெடுத்த பொருள்களை ஆளும் மரபு நவீனக் கலையில் எவ்வளவு பழைமையானது என்பதைச் சுருக்கமாகக் காண்பது தேவையாகிறது.

கண்டெடுத்த பொருளும் நவீனக் கலையும்

கலைக்கென ஆக்கப்படாத பொருளைக் கலைக்குள் கொணர்வது நூறாண்டுகளுக்கு மேற்பட்ட வழக்கம். 1912இல் பாப்லோ பிக்காசோ, நாற்காலிப் பின்னல் அச்சிடப்பட்ட மெழுகுத்துணித் துண்டொன்றைத் தம் ஓவியத்தில் ஒட்டி, சுற்றிலும் கயிற்றைச் சட்டமாக அமைத்தார். 1917இல் மார்செல் டூஷாம்ப், கடையில் வாங்கிய பீங்கான் சிறுநீர்க்கலம் ஒன்றை ‘நீரூற்று’ எனப் பெயரிட்டு நியூயார்க் காட்சி ஒன்றிற்கு அனுப்பினார். 1919 முதல் செருமானியக் கலைஞர் கர்ட் ஷ்விட்டர்ஸ், பயணச்சீட்டு, செய்தித்தாள், மரத்துண்டு முதலிய எறிபொருள்களைக் கொண்டு ‘மெர்ஸ்’ எனத் தாம் அழைத்த படைப்புகளை உருவாக்கினார். 1967இல் இத்தாலியத் திறனாய்வாளர் ஜெர்மானோ செலான்ட், மண், கந்தல், நிலக்கரி போன்ற எளிய பொருள்களைக் கையாண்ட கலைஞர்களை ‘எளிய கலை’ என்னும் பொருள்படும் ‘ஆர்ட்டே போவெரா’ என்ற பெயரால் தொகுத்துக் காட்டினார்.

இவ்வரலாறு ஓர் உண்மையை உணர்த்துகிறது. விந்தையான மூலப்பொருளே புதுமைக்கு அளவுகோல் எனக் கொண்டால், அப்புதுமை 1920க்கு முன்னரே நிகழ்ந்து முடிந்துவிட்டது. அதன்பின் வந்தவை யாவும் அதன் மறுபதிப்புகளே என்று கூற நேரும். ஆதலால் பொருள் எது என்பதோடு நில்லாமல், அப்பொருள் கலைஞரின் கையில் என்ன பணியைச் செய்கிறது என்று வினவ வேண்டும். டூஷாம்ப்பின் கலத்தில் முதன்மை பெறுவது கலைஞரின் தேர்வு. எந்தக் கலமாயினும் அவ்வாதம் நிற்கும்; அக்கலம் எங்கே பிறந்தது, யார் கையில் புழங்கியது என்பவை அங்குப் பொருட்படுத்தப்படவில்லை. அனாட்சுயிடம் நிலைமை வேறு. மூடிக்குப் பதிலாக வேறொரு தகட்டை வைத்தால் அவர் படைப்பு தன் பொருளை இழந்துவிடும்.

மூடிக்கு முன்: தட்டு, பானை, மரம்

எல் அனாட்சுய் 1944இல் கானாவின் வோல்ட்டா பகுதியில் உள்ள அன்யாக்கோ என்னும் ஊரில், எவே இனக் குடும்பத்தில் பிறந்தார். கென்டே துணி நெய்வது அவர் குடும்பத்தாரின் தொழில்களுள் ஒன்று. ஆயினும் அவர் நெசவு பயின்றவர் அல்லர். குமாசியில் அவர் பயின்ற கலைக்கல்வி ஐரோப்பியப் பாடத்திட்டத்தைப் பெரிதும் தழுவியது. 1969இல் படிப்பை முடித்தபின், தம் கல்வியில் இடம்பெறாத உள்நாட்டுக் கலைமரபுகளைத் தாமே தேடிக் கற்கத் தொடங்கினார். 1975இல் என்சுக்காவில் உள்ள நைஜீரியப் பல்கலைக்கழகத்தில் சிற்பத்துறை ஆசிரியராகச் சேர்ந்து முப்பது ஆண்டுகளுக்கு மேல் அங்குப் பணியாற்றினார்.

அவருடைய தொடக்ககாலப் படைப்புகளுள் மரத்தட்டுகள் குறிப்பிடத்தக்கவை. சந்தையில் பண்டங்களைப் பரப்பி விற்கப் பயன்படும் வட்டமான மரத்தட்டுகளை எடுத்து, காய்ச்சிய இரும்பால் அவற்றின்மேல் குறிகளைப் பொறித்தார். அக்குறிகள் அக்கான் மக்கள் துணிகளில் அச்சிடும் ‘அடிங்க்ரா’ மரபைச் சார்ந்தவை. 1970களின் இறுதியில் உடைந்த பானைகளைக் கருவாகக் கொண்ட சுடுமண் சிற்பங்களை உருவாக்கினார். பானை உடைந்தால் அதன் வாழ்வு முடிவதில்லை; ஓடாகிப் பல புதிய பயன்களைப் பெறுகிறது என்பது அவர் அங்கு முன்வைத்த கருத்து. 1980இல் அமெரிக்காவின் மாசச்சூசெட்ஸ் மாநிலத்தில் தங்கியிருந்தபோது இயந்திர இரம்பத்தால் மரத்தைச் செதுக்கத் தொடங்கினார். மரப்பலகைகளை வரிசையாக அடுக்கி, இரம்பத்தாலும் தீயாலும் அவற்றில் வடுக்களை உண்டாக்கினார். ஆப்பிரிக்க நிலத்தை ஐரோப்பிய அரசுகள் கூறுபோட்ட வன்முறையை அவ்வடுக்கள் சுட்டின. இப்பலகைகளை இடம் மாற்றி அடுக்கவும் இயலும் என்பது பின்னர் வந்த வளர்ச்சிக்கு முன்னோடியாகும்.

மேற்கண்ட படிநிலைகளைத் தொகுத்து நோக்கினால் மூன்று பண்புகள் தொடர்ந்து வருவதைக் காணலாம். ஒன்று, உணவோடும் புழக்கத்தோடும் தொடர்புடைய பொருள்களைத் தேர்வது. இரண்டு, துண்டுகளைக் கொண்டு முழுமையை ஆக்குவது. மூன்று, அம்முழுமையை இறுதியாக இறுக்கிவிடாமல் விடுவது. ஆகவே மூடிகள் திடீரென வாய்த்த விந்தை அல்ல. இருபதாண்டுகளுக்கு மேற்பட்ட தேடலின் பின் கிடைத்த தகுந்த பொருள் எனலாம்.

பொருள்: மூடி சுமக்கும் வரலாறு

1990களின் இறுதியில் என்சுக்காவிற்கு அருகே புதர்ப்பகுதியில் மூடிகள் நிறைந்த பை ஒன்றை அனாட்சுய் கண்டெடுத்தார். அதைக் கொண்டுவந்து தம் பணிக்கூடத்தில் வைத்தவர், என்ன செய்வதெனத் தெளிவு பிறக்கும்வரை பல மாதங்கள் அப்படியே விட்டுவைத்தார். அப்பகுதியில் மது வடிக்கும் ஆலைகள் புட்டிகளைத் திரும்பப் பெற்று மீண்டும் பயன்படுத்துவது வழக்கம். புட்டி திரும்பச் செல்லும், மூடி எஞ்சும். அவ்வாறு எஞ்சிய அலுமினிய மூடிகளும் புட்டியின் கழுத்தைச் சுற்றியிருந்த தகட்டுப் பட்டைகளுமே அவருடைய மூலப்பொருள் ஆயின.

இங்கு மது என்பது வெறும் பானமன்று. ஆப்பிரிக்காவின் மேற்குக் கரைக்கு வந்த ஐரோப்பிய வணிகர்கள் கொணர்ந்த பண்டமாற்றுப் பொருள்களுள் சாராயமும் ஒன்று. அப்பண்டங்களுக்கு ஈடாக மனிதர்கள் அடிமைகளாகப் பெறப்பட்டனர். அவர்கள் அட்லாண்டிக் கடலைக் கடந்து கரிபியன் தீவுகளுக்கும் அமெரிக்க நிலங்களுக்கும் கொண்டுசெல்லப்பட்டுக் கரும்புத் தோட்டங்களில் உழைத்தனர். கரும்பிலிருந்து சர்க்கரையும், சர்க்கரைப் பாகிலிருந்து ‘ரம்’ என்னும் மதுவும் பிறந்தன. அந்த மது மீண்டும் வணிகப் பொருளாயிற்று. மூன்று கண்டங்களை இணைத்த இச்சுழற்சியில் மது காரணமாகவும் விளைவாகவும் நின்றது. மூடியைக் கையில் எடுத்தபோது அனாட்சுய் கண்ட தொடர்பு இதுவே என்பதை அவருடைய நேர்காணல்கள் உணர்த்துகின்றன.

இவ்வரலாறு கடந்த காலத்தோடு முடிந்துவிடவில்லை. மூடிகளில் அச்சிடப்பட்ட பெயர்கள் அண்மைக்கால நிகழ்வுகளையும் தாங்கி நிற்கின்றன. லைபீரிய உள்நாட்டுப் போரின்போது மேற்கு ஆப்பிரிக்க நாடுகள் அனுப்பிய படையின் பெயரான ‘எக்கோமாக்’, நைஜீரியாவும் கேமரூனும் உரிமை கோரிப் பூசலிட்ட தீபகற்பத்தின் பெயரான ‘பக்காசி’ ஆகியவை மது வகைகளுக்கு இடப்பட்ட பெயர்களாக அம்மூடிகளில் வருகின்றன. எனவே ஒவ்வொரு மூடியும் ஒரு சிறு ஆவணம். அதன் வண்ணமும் தூரிகையால் பூசப்பட்டதன்று. ஆலையில் அச்சிடப்பட்டவாறே படைப்பில் இடம்பெறுகிறது. சிவப்பு வேண்டுமெனில் சிவப்பு மூடியைத் தேடியெடுக்க வேண்டும். வண்ணத்தேர்வே இங்கு ஆவணத் தேர்வாகவும் அமைந்துவிடுகிறது.

மற்றொரு கூறும் கருதத்தக்கது. மூடி மனிதர் கை பட்ட பொருள். திறந்தவர், ஊற்றியவர், பகிர்ந்தவர் என முகமறியாத பலருடைய தொடுகை அதில் உண்டு. மனிதர் பயன்படுத்திய பொருளில் அவர்களுடைய தடம் தங்கிவிடுகிறது என்பது அனாட்சுய் பலமுறை வலியுறுத்திய கருத்து. தம் செயலை ‘மறுசுழற்சி’ என்று அழைப்பதை அவர் ஏற்பதில்லை. மறுசுழற்சியில் பொருள் உருக்கப்பட்டு மீண்டும் ஒரு பண்டமாகிறது. அதன் முந்தைய வாழ்வு அழிகிறது. அனாட்சுயிடம் அம்முந்தைய வாழ்வு அழியாமல் உருமாற்றம் பெறுகிறது. ‘கழிவிலிருந்து கலை’ என்னும் தொடர் மறைத்துவிடுவது இவ்வேறுபாட்டையே.

பிணைப்பு: நெசவைப் போன்ற, நெசவல்லாத முறை

மூடிப் படைப்புகளைக் காண்போர் அவற்றைக் கென்டே துணியோடு ஒப்பிடுவது இயல்பு. கென்டே, குறுகிய தறியில் நெய்யப்படும் துணி. கையகல நாடாக்களாக நெய்து, பின் அவற்றை ஓரத்தோடு ஓரம் சேர்த்துத் தைத்துப் பெருந்துணியாக்குவர். அனாட்சுயின் தொடக்கநிலை மூடிப் படைப்புகளுள் இரண்டு ‘ஆணின் துணி’, ‘பெண்ணின் துணி’ எனப் பெயர் பெற்றன. 2001ஆம் ஆண்டளவில் நிறைவுற்ற இவ்விரண்டும் பிரித்தானிய அருங்காட்சியகத்தில் உள்ளன. 2003இல் வேல்சில் தொடங்கிப் பல இடங்களுக்குச் சென்ற அவருடைய காட்சியின் பெயர் ‘கவு’. எவே மொழியில் இது உலோகத்தையும் போர்வையையும் ஒருசேரக் குறிக்கும் சொல்லாக்கம்.

தோற்றத்தில் துணியை நினைவூட்டினும் செய்முறையில் இது நெசவன்று. தறியில்லை, ஊடும் பாவும் இல்லை. மூடி முதலில் பிரிக்கப்படுகிறது. அதன் வட்டமான மேற்பகுதி, பக்கச்சுவர், கழுத்து வளையம் ஆகியவை தனித்தனியே பயன்படுகின்றன. சில பகுதிகள் தட்டையாக்கப்படுகின்றன, சில மடிக்கப்படுகின்றன, சில முறுக்கப்படுகின்றன, சில கசக்கப்படுகின்றன. ஓரங்களில் சிறு துளைகள் இட்டு, மெல்லிய செம்புக் கம்பியால் ஒன்றோடொன்று கட்டப்படுகின்றன. தட்டைத் தகடுகள் சேர்ந்தால் ஒளி புகாப் பரப்பு உண்டாகும். வளையங்கள் மட்டும் சேர்ந்தால் வலைபோன்ற, பின்சுவர் தெரியும் பரப்பு உண்டாகும். ஒரு படைப்பிலேயே இவ்விரு தன்மைகளையும் மாற்றி மாற்றி அமைப்பதால் கனமும் நொய்மையும் அடுத்தடுத்து நிற்கின்றன.

இப்பணி ஒருவர் கையால் நிகழ்வதன்று. என்சுக்காவில் பல பத்து இளைஞர்கள் அனாட்சுயின் பணிக்கூடத்தில் பங்காற்றினர். அவர்கள் சிறு சிறு பகுதிகளைப் பிணைத்து முடிக்க, அவற்றைத் தரையில் பரப்பி, இடம் மாற்றி, ஒளிப்படம் எடுத்துப் பார்த்து, மீண்டும் மாற்றி முழுமையைத் தீர்மானிப்பவர் அனாட்சுய். ஒவ்வொருவர் கட்டும் முடிச்சிலும் இறுக்கம் வேறுபடும். ஆகவே ஒரே பரப்பில் பல கைகளின் தடம் பதிகிறது. மனிதரை மனிதரிடமிருந்து பிரித்த வணிகத்தின் எச்சமான பொருள், பலர் கூடிச் செய்யும் பிணைப்பால் இணைக்கப்படுகிறது. பொருள் பிரிவைச் சொல்ல, முறை சேர்க்கையைச் சொல்கிறது. இம்முரணே இப்படைப்புகளுக்கு உயிர்நாடி எனலாம்.

நிலையா வடிவம்: மூலபாடம் இல்லாப் படைப்பு

மூடிகளின் பரப்பு எத்திசையிலும் மடியவும் வளையவும் வல்லது. மிகப் பெரிய படைப்பையும் துணிபோல் மடித்துப் பெட்டியில் அடைத்து அனுப்பலாம். பெட்டியைப் பெறும் காட்சிக்கூடத்தாருக்கு ‘இவ்வாறுதான் தொங்கவிட வேண்டும்’ என்ற கட்டளையை அனாட்சுய் பொதுவாக இடுவதில்லை. எங்கே மடிப்பு விழ வேண்டும், எந்த ஓரம் மேலே வர வேண்டும், சுவரோடு நிற்பதா தரையிலும் படர்வதா என்பவற்றைத் தொங்கவிடுவோரே முடிவு செய்யலாம். இதனை அவர் ‘நிலையா வடிவம்’ என்னும் கருத்தால் விளக்குகிறார். வாழ்வு நிலைத்து நிற்பதில்லை. அதனைப் பேசும் கலையும் ஒரே நிலையில் உறைந்துவிட வேண்டியதில்லை என்பது அதன் சாரம்.

தமிழாய்வாளர்க்கு இதனைச் சுவடிப் பதிப்பின் மொழியில் விளக்கலாம். ஒரு நூலின் பல சுவடிகளை ஒப்பிடும் பதிப்பாசிரியர், பாடவேறுபாடுகளைக் குறித்து, அவற்றின் வழியே மூலபாடத்தை மீட்க முயல்கிறார். ஆசிரியர் எழுதிய ஒரு பாடம் இருந்தது, பிற யாவும் அதிலிருந்து விலகியவை என்பது அம்முயற்சியின் அடிப்படை. அனாட்சுயின் திரை ஒன்று ஒரு நகரில் ஒருவாறும் மறு நகரில் வேறுவாறும் தொங்கும்போது, அவையும் பாடவேறுபாடுகளே. ஆனால் அவற்றுக்குப் பின்னால் மீட்கத்தக்க மூலபாடம் ஒன்றில்லை. எல்லாப் பாடங்களும் ஒப்புமை உடையவை. இவ்வகையில் அது எழுத்துச்சுவடியைவிட, பாடுவோர்தோறும் விரிவு மாறும் இசைக்கும், ஆடும் களந்தோறும் நீளமும் உரையாடலும் மாறும் கூத்துக்கும் நெருக்கமானது.

நிகழ்த்துகலைக்கு இயல்பான இப்பண்பைச் சிற்பத்துக்குள் கொணர்ந்ததே இங்கு நிகழ்ந்த பெரும் மாற்றம். கல்லும் வெண்கலமும் நிலைபேற்றை விரும்பித் தேர்ந்த பொருள்கள். சிற்பியின் கை விலகியபின் அவற்றில் எதுவும் மாறக்கூடாது என்பதே எதிர்பார்ப்பு. அருங்காட்சியகத்தின் பாதுகாப்பு நெறிகளும் அவ்வெதிர்பார்ப்பின் மேலேயே அமைந்தவை. மடிப்பு மாறுவதே இயல்பாகக் கொண்ட சிற்பத்தில் எது மாற்றம், எது சிதைவு என்னும் எல்லையைப் புதிதாக வரையறுக்க நேர்கிறது. பாதுகாப்போர் தாமும் படைப்பாளராகும் நிலை உருவாகிறது.

பகுப்புச் சிக்கல்: எந்தப் பிரிவில் வைப்பது?

இப்படைப்புகள் அருங்காட்சியகங்களின் பகுப்புமுறையையும் வினாவுக்கு உட்படுத்தின. மேலை நாடுகளின் பெரிய அருங்காட்சியகங்களில் ஆப்பிரிக்கக் கலைக்கெனத் தனிப்பிரிவு உண்டு. நவீன, சமகாலக் கலைக்கெனத் தனிப்பிரிவு உண்டு. முதற்பிரிவு இனம், இடம், மரபு ஆகியவற்றையும் இரண்டாம் பிரிவு கலைஞரின் பெயரையும் ஆண்டையும் முதன்மையாகக் கொண்டு வளர்ந்தது. ஆப்பிரிக்காவில் வாழும் சமகாலக் கலைஞர் எப்பிரிவைச் சேர்ந்தவர்?

நியூயார்க்கின் மெட்ரோபாலிட்டன் கலை அருங்காட்சியகம் இதற்குத் தெளிவான எடுத்துக்காட்டு. அங்கு அனாட்சுயின் 2006ஆம் ஆண்டுப் படைப்பான ‘மண்ணுக்கும் விண்ணுக்கும் இடையே’ ஆப்பிரிக்கக் கலைத் தொகுப்பைச் சார்ந்தது. 2007ஆம் ஆண்டுப் படைப்பான ‘டுசாசா 2’ நவீன, சமகாலக் கலைப்பிரிவின் தொகுப்பைச் சார்ந்தது. ஒரே கலைஞர், ஒரே மூலப்பொருள், ஓராண்டு இடைவெளி. எனினும் இரு பிரிவுகள். ஏறத்தாழ 6 மீட்டர் உயரமும் 7 மீட்டருக்கு மேற்பட்ட அகலமும் உடைய ‘டுசாசா 2’, ராபர்ட் ஸ்டோர் பொறுப்பில் நடைபெற்ற 2007 வெனிஸ் ஈராண்டுக் கலைவிழாவில் வைக்கப்பட்ட இணைப்படைப்புகளுள் ஒன்று. அவ்விழாவுக்குப் பின்னரே அனாட்சுய் உலகளவில் பரவலாக அறியப்பட்டார். அப்போது அவருக்கு வயது அறுபதைக் கடந்திருந்தது. அதே வெனிஸ் விழா 2015இல் வாழ்நாள் பணிக்கான பொற்சிங்க விருதை அவருக்கு வழங்கியது.

இங்கு ‘கண்டுபிடித்தல்’ என்னும் சொல்லையும் ஆராய வேண்டியுள்ளது. 1990ஆம் ஆண்டு வெனிஸ் விழாவிலேயே அனாட்சுய் பங்கேற்றுச் சிறப்புக் குறிப்பைப் பெற்றிருந்தார். நைஜீரியாவில் மூன்று தலைமுறை மாணவர்க்கு அவர் ஆசிரியர். ஆகவே 2007இல் கண்டுபிடிக்கப்பட்டவர் அவரல்லர்; காண்போரின் பார்வை எல்லையே அப்போது விரிந்தது. புதிய கலையைத் தேடுவோர், தாம் எங்கிருந்து தேடுகிறோம் என்பதையும் சேர்த்தே ஆராய வேண்டும் என்பதற்கு இது சான்றாகிறது. துணி, பின்னல், கட்டுதல் ஆகியவற்றைக் கைவினை என்றும், செதுக்குதல், வார்த்தல் ஆகியவற்றைக் கலை என்றும் பிரிக்கும் பழக்கமும் இதனோடு தொடர்புடையது. அனாட்சுய் உலோகத்தைக் கையாளுகிறார்; ஆனால் துணியின் இயல்பைத் தருகிறார். இரு பெட்டிகளில் எதனுள்ளும் அவர் படைப்பு முழுமையாக அடங்குவதில்லை.

சர்க்கரையும் மூடியும்: டேட் மாடர்ன் காட்சி

பொருள், பிணைப்பு, நிலையா வடிவம் ஆகிய மூன்றும் ஒன்றுகூடி நின்ற படைப்பு ‘செந்நிலவின் பின்னால்’ என்பதாகும். இது 2023 அக்டோபர் முதல் 2024 ஏப்ரல் வரை இலண்டன் டேட் மாடர்ன் கூடத்தின் டர்பைன் மண்டபத்தில் வைக்கப்பட்டது. மின்நிலையமாக இருந்த கட்டடத்தின் பொறிக்கூடமே அம்மண்டபம். படைப்பு மூன்று பகுதிகளால் ஆனது. நுழைவோர் முதலில் காண்பது கப்பற்பாய்போல் காற்றில் விம்மி நிற்கும் ‘செந்நிலவு’. அடுத்தது, மெல்லிய வலைப்பரப்புகளால் ஆன மனித உருக்கள் அந்தரத்தில் மிதக்கும் ‘உலகம்’. சிதறியவையாகத் தோன்றும் அவ்வுருக்கள் ஒரு குறிப்பிட்ட இடத்திலிருந்து நோக்கும்போது ஒன்றுசேர்ந்து வட்டமாகின்றன. இறுதியாக நிற்பது, கருநிறத் திரையாகத் தொங்கித் தரையில் அலைபோல் படரும் ‘சுவர்’. அதன் மறுபுறம் சென்றால் பல வண்ணங்கள் தோன்றும்.

டேட் என்னும் பெயர் சர்க்கரை ஆலை அதிபர் ஹென்றி டேட்டைக் குறிப்பது. அவர் அடிமைகளை உடைமையாகக் கொண்டவர் அல்லர். ஆயினும் அவருடைய செல்வத்துக்கு ஊற்றான சர்க்கரைத் தொழில், அடிமை உழைப்பின் மேல் எழுப்பப்பட்டது என்பதை அந்நிறுவனமே ஒப்புக்கொண்டுள்ளது. மதுப்புட்டி மூடி அக்கூடத்துள் நுழையும்போது, பொருளும் இடமும் ஒரே வரலாற்றின் இரு முனைகளாகின்றன. கப்பற்பாய், மனிதர், கடலலை என்னும் வரிசை விளக்கவுரை இன்றியே அவ்வரலாற்றைச் சொல்கிறது. இதே மூடிகள் வேறொரு கூடத்தில் இதே பொருளைத் தந்திரா. இடத்துக்கேற்பப் பொருள் கொள்ளும் இவ்வாற்றலும் நிலையா வடிவத்தின் ஒரு கூறேயாகும்.

எழக்கூடிய மறுப்புகள்

மேற்கூறிய வாதத்துக்கு இரு மறுப்புகள் எழக்கூடும். முதலாவது, அழகு பற்றியது. பொன்போல் ஒளிரும் இத்திரைகள் செல்வர் மாளிகைகளிலும் நிறுவனங்களின் முகப்பிலும் அணியாகத் தொங்கும்போது, அடிமை வணிகத்தின் நினைவு மங்கி அழகு மட்டும் எஞ்சிவிடாதா? இம்மறுப்பு புறக்கணிக்கத்தக்கதன்று. தொலைவில் நிற்பவர் மூடிகளின் எழுத்தைப் படிக்க இயலாது. அவர் காண்பது அழகை மட்டுமே. ஆனால் அவ்வழகே அவரை அருகே அழைக்கிறது என்பதும் உண்மை. வரலாற்றை நேரடியாக அறிவிக்கும் படைப்பைக் கண்டு விலகிச்செல்பவரும் இதனை நெருங்குகிறார், நெருங்கியபின் படிக்கிறார். நெருங்காதவர்க்கு இப்படைப்பு பாதியே புலப்படும் என்பதை இதன் வரம்பாகக் கொள்ளலாம்.

இரண்டாவது மறுப்பு உழைப்பைப் பற்றியது. பலர் கட்டிய முடிச்சுகளால் ஆன படைப்பின் பெயர்ப்பலகையில் ஒருவர் பெயரே உள்ளது. கூட்டுழைப்பைப் படைப்பின் பொருளாகப் போற்றும் ஆய்வு, அக்கூட்டத்தாரின் பெயரைப் பதிவுசெய்யாமல் விடுவது முரணாகும். ஓவியக்கூடங்களிலும் கோயிற் சிற்பப் பணிகளிலும் காலந்தோறும் இருந்துவரும் சிக்கல் இது. அனாட்சுயின் முறை இச்சிக்கலைத் தீர்த்துவிடவில்லை. ஆனால் பிணைப்பை மறைக்காமல் வெளிக்காட்டுவதன் மூலம் அதனைக் கண்ணுக்குத் தெரியும்படி செய்துள்ளது. இது பற்றித் தனியே விரிவான ஆய்வு மேற்கொள்ளப்பட வேண்டும்.

முடிவுரை

இக்கட்டுரையின் வழிப் பெறப்படும் கருத்துகளைப் பின்வருமாறு தொகுக்கலாம்.

1. வழக்கத்தில் இல்லாத மூலப்பொருள் என்பது சமகாலக் கலையின் புதுமைக்குப் போதுமான அளவுகோல் அன்று. அவ்வளவுகோலின்படி நோக்கின் புதுமை 1920க்கு முன்னரே முடிந்துவிட்டது.

2. அனாட்சுயின் மூடி, கலைஞர் விருப்பப்படி தேர்ந்த பொருளாக மட்டும் நிற்காமல், அட்லாண்டிக் வணிகம் முதல் அண்மைக்காலப் போர்கள்வரை சுமந்துவரும் ஆவணமாகவும் செயல்படுகிறது.

3. பிரிவின் வரலாற்றைச் சுமக்கும் பொருளைப் பலர் கூடிப் பிணைப்பதால், பொருளுக்கும் முறைக்கும் இடையே உண்டாகும் முரண் படைப்பின் கருத்தாகிறது.

4. வடிவத்தை முடிவு செய்யாமல் விடுவதன்மூலம், நிகழ்த்துகலையின் இயல்பு சிற்பத்துக்குள் வருகிறது. மூலபாடம், பாடவேறுபாடு என்னும் உறவு இங்குச் செல்லுபடியாவதில்லை.

5. இப்படைப்புகள் மரபுக்கலை, சமகாலக் கலை எனவும், கைவினை, கலை எனவும் அமைந்த பகுப்புகளின் வரம்பை வெளிப்படுத்துகின்றன.

வியப்பூட்டும் புதிய படைப்பு ஒன்றை எதிர்கொள்ளும் ஆய்வாளர் மூன்று வினாக்களை எழுப்பலாம். இப்பொருள் இங்கு வருமுன் எங்கே இருந்தது? இது எவ்வாறு, யாரால் இணைக்கப்பட்டது? கலைஞர் எதனைத் தாம் முடிவு செய்யாமல் பிறரிடம் விட்டுள்ளார்? இவ்வினாக்களுக்கு விடை தர இயலாத படைப்பில் விந்தை ஒருமுறை பார்த்தவுடன் தீர்ந்துபோகும். விடை தரும் படைப்போ ஒவ்வொரு முறை தொங்கவிடப்படும்போதும் புதிதாகப் படிக்கப்படும் தகுதி உடையதாகிறது.